அந்தி நிறுவை – அத்தியாயம் 9: சூடத்தில் வைத்த கை

காளியாயிக்குக் கழுத்து திரும்பவில்லை.

இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் தொங்கித் தொங்கி, பிடரியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் நரம்பு விறகுக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. ஆடி மழை பிடித்தால் இன்னும் இறுகும். பதினாலு வயதில் கயிறு போட்ட தலை அது.

அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், உடம்போடு திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சோலைமலை என்னவோ துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

சூடத்தட்டு.

அவளுடைய புருசன் பகலில் ஸ்டோரில் தேயிலை உருட்டும் மெசினுக்கு ஆள். வெள்ளிக்கிழமையும் பூசை நாளும் கல்லுப்பாலத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பூசாரி. கோயிலை விட்டு அந்தப் பித்தளைத் தட்டு வெளியே வந்து அவள் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை போதும்.

"நேத்து சாயங்காலம் கணக்கப்புள்ள கூப்புட்டு என்னா பேசுனாரு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா சாமித் தட்டத் துணில சுத்துற?"

சோலைமலை துணி முடிச்சை இறுக்கினான். நேற்று கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வந்ததிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. சோறு தின்றான். படுத்தான். எழுந்தான். மகள் மீனம்மாதான் இப்போது அவன் முன்னால் போய் நின்றாள். தலையில் துண்டு கட்டி, இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டி, வேலைக்குத் தயாராக இருந்தாள். பதினேழு வயது. தாயின் வாய், தகப்பனின் கண்.

"அப்பா, விசாரணைக்குச் சூடத்தட்டு என்னாத்துக்கு? லேபர் ஐயாவுக்குத் தீபாராதன காட்டப் போறீங்களா?"

"நீ சும்மா இரு."

"ஆத்தாவும் சும்மா இருக்கணும், நானும் சும்மா இருக்கணும். கணக்கப்புள்ள மட்டும் பேசணும்."

சோலைமலை தலையைத் தூக்கினான். "கேச விட்டுட்டா ஆடிப் பூசைக்கு முன்ன கோயிலுக்குத் தகரம் போட்டுத் தர்றேங்கிறாரு."

காளியாயி ரொட்டியை அப்படியே கல்லில் விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"யாரு வீட்டுத் தகரத்த?"

"புள்ள, சாமி நனையுது."

"நானுந்தான் நனைஞ்சேன். ரெண்டு வருசம் இருட்டுல நின்னு நனைஞ்சேன். எனக்கு யாருய்யா தகரம் போட்டா?"

ரொட்டி கருகும் வாசம் வந்தது. யாரும் போய்ப் புரட்டவில்லை.

நடந்தது இதுதான்.

போன வருசம் சித்திரையில் மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. இன்று பறித்த இடத்தில் நாலு நாளில் மறுபடி கை வைக்க வேண்டும். நாலரைக்கு ஸ்டோர் சங்கு ஊதியதும் ஆட்கள் மலையிறங்கிவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். சங்குக்குப் பிறகு நிறுத்திவைத்தால் மேலதிகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம். கணக்கப்பிள்ளை கந்தப்பன் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தான்.

விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் ஆட்களெல்லாம் கூடி நிற்கும்போது பூசாரி சோலைமலையை முன்னால் கூப்பிட்டான். கோயில் கூரையைக் காற்று கொண்டுபோய் வெகுநாளாகிவிட்டது என்றான். "லாம்பு பத்துற நேரம் வரைக்கும் நின்னு பறிங்க புள்ளைகளா. அந்த நேரத்துக் கூலிய தொரை கோயிலுக்குத் தகரமாக் குடுக்கிறாரு. ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டதா வச்சுக்கங்க" என்றான். சோலைமலை சூடம் கொளுத்தினான். பெண்கள் குலவை போட்டார்கள். முதல் குலவை காளியாயியுடையது.

அப்படி ஒரு சித்திரை, வைகாசி போயிற்று. தகரம் வரவில்லை. "ஒரு பருவத்துக் கூலி பத்தல, அடுத்த வருசமும் நில்லுங்க" என்றான். நின்றார்கள். பால்குடிப் பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவில் தொண்டை வறண்டு அழ, தாய்மார் மார் கனக்க மலையில் நின்றார்கள். சாமி காரியம் அல்லவா!

இந்த வருசம் வைகாசிக் கடைசியில் வட்டகொடை ஸ்டேசனில் தகரம் வந்து இறங்கியது. ஆட்களே தலைச்சுமையாக மலையேற்றினார்கள். அதற்கும் கூலி கேட்கவில்லை. முன்னால் சோலைமலை வேப்பிலையோடு நடந்தான். கோயில் வளைவு வந்தது. தகரத்தை இறக்கப் போனார்கள்.

"இங்க இல்ல, மேல போங்க" என்றான் கந்தப்பன்.

மேலே பங்களா. தொரையின் புதுக் காருக்குக் கொட்டகை.

அன்றைக்கே சங்கத்து மாவட்டப் பிரதிநிதி இராமையாவிடம் போய் அழுதார்கள். அவர் தொழிலாளர் முறைப்பாடு கேட்கும் ஹட்டன் லேபர் கந்தோருக்கு எழுதிப்போட்டார். இன்றைக்குத்தான் லேபர் ஐயா விசாரணைக்கு வருகிறார். இராமையா வர மாட்டார். வேறொரு தோட்டத்தில் வேலைநிறுத்தம், பொலிஸ் வந்து நிற்கிறது. "இருக்கிறதச் சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இருக்கிறதைச் சொல்வதில்தான் வம்பு இருந்தது. அதைச் சோலைமலை இப்போது சொன்னான்.

"கூலிக்கு நின்னோம்னு சொல்லச் சொல்ற. கூலிக்கா நின்னீங்க? நான் சூடம் காட்டிச் சொன்னேன், சாமிக்குன்னு. நீங்க குலவை போட்டீங்க. இப்ப இல்லன்னா, நான் கொளுத்துனது என்னா? பொய்யா?"

காளியாயிக்குக் கோபம் மட்டும் வந்தது. கருகிய ரொட்டியை எடுத்து அவன் சாப்பாட்டுத் தட்டில் போட்டாள்.

"தின்னுட்டுப் போ. உன் சாமியத் தூக்கிட்டு அவன் வீட்டுக்கே போ."

~

தோட்டத்துக் கந்தோருக்குப் போகிற வழியில்தான் கோயில். மூன்று பக்கம் கல்சுவர், முன்னால் கம்பிக் கதவு, மேலே வானம். மாரியம்மன் சிலைக்கு யாரோ ஒருத்தி தன் படங்குச் சாக்கைப் போர்த்திவிட்டிருந்தாள். அதன் ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி நாகலெட்சுமி நின்று பார்த்தாள். நெருப்பிலும் சிரிக்கிற பொம்பளை.

"அடியே, ஆத்தாளும் படங்கு கட்டிட்டாடி. கொழுந்துக்கு வரப் போறா."

"வரட்டும், வரட்டும். கந்தப்பன் அவளையும் இருட்டுற வரைக்கும் நிப்பாட்டுவான்" என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் சிரித்தார்கள். காளியாயி சிரிக்கவில்லை. உடம்போடு திரும்பி மேட்டைப் பார்த்தாள். பங்களாவுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயம் அடித்த தகரக் கொட்டகை மழையில் பளபளவென்று நின்றது. ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆணி ஒவ்வொன்றுக்கும் தார் வைத்திருந்தார்கள்.

கந்தோர் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் லேபர் ஐயா. ஒல்லியான ஆள், கண்ணாடி. வட்டகொடையில் ரயில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார் என்பது காற்சட்டையின் சேற்றில் தெரிந்தது. கந்தோரில் கொடுத்த தேத்தண்ணி மேசையில் ஆடை படர்ந்து கிடந்தது. அவர் தொடவில்லை. பெண்களுக்கு அது ஒன்று பிடித்திருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசத் தொடங்கியதும் நாகலெட்சுமி குசுகுசுத்தாள். "என்னாடி இது, பாதி புரியல."

"புரியற பாதிக்குப் பதில் சொல்லு" என்றாள் காளியாயி.

தொரை வரவில்லை. காய்ச்சலாம். அவருக்குப் பதில் பெரிய கிளாக்கரும் கந்தப்பனும் நின்றார்கள். கந்தப்பனுக்குப் பின்னால், துணிப்பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சோலைமலை. நனைந்த கோழி மாதிரி நின்றான்.

லேபர் ஐயா கந்தப்பனிடம் தொடங்கினார்.

"தோட்டத்தில பின்னேரம் எத்தினை மணிக்கு வேலை முடியிறது?"

"நாலரைக்குங்க ஐயா. சங்கு ஊதுனா நிறுவை. நிறுத்துட்டு எல்லாரும் லயத்துக்குப் போயிருவாங்க."

"அதுக்குப் பிறகு ஒருத்தரும் நிண்டு வேலை செய்யிறேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லீங்க."

"சித்திரை, வைகாசியில?"

"எந்த மாசத்துலயும் இல்லீங்க. வேணும்னா செக்ரோலப் பாருங்க."

பெரிய கிளாக்கர் தலையை ஆட்டினார். வேலைக் கணக்கு எழுதும் செக்ரோலில் நாலரைக்குப் பிறகு ஒரு புள்ளியும் இல்லைதான். எழுதினால்தானே இருக்கும்!

"பொய்யி!" என்றது மீனம்மாவின் குரல், கூட்டத்துக்குள்ளிருந்து.

"உங்கட முறை வரும்" என்றார் லேபர் ஐயா, நிமிராமலே எழுதிக்கொண்டு.

முறை வந்தது. நாகலெட்சுமி சொன்னாள். அவளுக்குப் பிறகு ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி சொன்னாள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். சங்கு ஊதும், நாங்க நிப்போம், அரிக்கன் லாம்பு பத்தவச்ச பொறகுதான் நிறுவை. லேபர் ஐயாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓட ஓட, கந்தப்பனின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"ஐயா, ஒரு நிமிசம்." கந்தப்பன் முன்னால் வந்தான். "இதுக சங்கத்துக்காரன் சொல்லிக் குடுத்ததச் சொல்லுதுக. இந்தச் சனம் மனுசன் முன்னால என்னத்த வேணாச் சொல்லும். சாமி முன்னால பொய் சொல்லாது. கூலிக்கு வேலை செஞ்சோம், கூலி வரலன்னு சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா நான் வாயத் தொறக்கல."

"இதுக்கும் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"உங்களுக்கு இல்லீங்க ஐயா. இவங்களுக்கு இருக்கு."

லேபர் ஐயா பெண்களைப் பார்த்தார். "உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி இதைச் செய்யத் தேவையில்லை. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் சூடத்துக்குப் பின்வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்பதும் விளங்கியது. கந்தப்பனுக்கு அதைவிட நன்றாக விளங்கும். அவனும் இந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இவர்களுக்கு எங்கே வலிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சோலைமலை பொட்டலத்தை அவிழ்த்தான். தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினான். மழை ஈரத்தில் இரண்டு குச்சி வீணாயின.

நாகலெட்சுமி கையை நீட்டினாள். பாதியில் நின்றாள்.

"கூலிக்குன்னு சொல்லு" என்றான் கந்தப்பன், ரொம்ப அன்பாக.

அவள் கை தானாகப் பின்னால் போனது. கண் தரையைப் பார்த்தது. ஆத்தாளுக்கு நேர்ந்து குலவை போட்ட வாய். அந்த வாயால் கூலிக்கு நின்றேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் நாலு பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு அம்மை வடு இன்னும் ஆறவில்லை.

அடுத்தவளும் வரவில்லை. அதற்கடுத்தவளும் வரவில்லை. 

கந்தப்பன் லேபர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தான். "எழுதிக்கங்க ஐயா."

"எழுதாதீங்க!"

காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தட்டுக்கு முன்னால் நின்றாள். தட்டைப் பிடித்திருந்த புருசனை அவள் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாதது அன்றைக்கு ஒரு வசதியாக இருந்தது.

"கூலிக்கு நின்னேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். "அது பொய். சாமிக்குன்னுதான் நின்னேன். இந்த மனுசன் சூடம் காட்டுனாரு, நான் குலவை போட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, சாமிக்குத்தான் நின்னேன்."

பின்னால் பெண்கள் மூச்சை இழுத்தார்கள். "ஆத்தா!" என்றாள் மீனம்மா.

"நான் பண்ற சத்தியம் வேற" என்றாள் காளியாயி. "நின்னேன். சங்குக்குப் பொறகு நின்னேன். கொழுந்தும் அரும்பும் கண்ணுக்குத் தெரியாம கைய வச்சுத் தடவிப் பறிச்சேன். நிறுவையில லாம்பு புடிச்சது கணக்கப்புள்ள ஐயா நீங்க. இது சத்தியம்."

உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்தாள். படக்கென்று எடுக்கவில்லை. வைத்தே அழுத்தினாள். நெருப்பு அணைந்தது. தோல் கருகும் வாசம் லேபர் ஐயா மூக்குவரை போனது.

கையை எடுத்து, சோலைமலையிடம் சொன்னாள். "இன்னொண்ணு கொளுத்து."

அவன் விழித்தான்.

"கொளுத்துய்யா! கணக்கப்புள்ள ஐயா கைய வைக்கட்டும். நாலரைக்கே எல்லாரும் போயிட்டாங்க, ஒருத்தியும் நிக்கலன்னு சத்தியம் பண்ணட்டும்."

கந்தப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு கொழுந்துக்காரி, அத்தனை பேர் முன்னால், விரலை நீட்டிப் பேசுகிறாள்.

"நான் எதுக்குடி கைய வைக்கணும்? நிக்கலன்னு யாருடி சொன்னா? நின்னீங்க! சாமிக்கு நேர்ந்துக்கிட்டு நின்னீங்க! லாம்பு புடிச்சு என் கையும்தான் மரத்துப் போச்சு! நேர்ந்துக்கிட்டதுக்கு எவளாச்சும் கூலி கேப்பாளா, வெக்கங்கெட்டவளே?"

பெரிய கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொறுங்கோ" என்றார் லேபர் ஐயா. தாளைப் பின்னால் புரட்டினார். "முதல்ல கேட்டனான், நாலரைக்குப் பிறகு ஆரும் நிக்கிறவையோ எண்டு. ஒருத்தரும் இல்லை எண்டியள். எந்த மாசமும் இல்லை எண்டியள். இப்ப நிண்டவை எண்டுறியள். லாம்பும் நீங்கள்தான் பிடிச்சியளாம். நான் எதை எழுத?"

கந்தப்பன் பெரிய கிளாக்கரைப் பார்த்தான். கிளாக்கர் கண்ணைத் திறக்கவில்லை. 

"பூசாரி ஆர்? நீரோ?" லேபர் ஐயா சோலைமலை பக்கம் திரும்பினார். "பெரட்டில சூடம் கொளுத்தச் சொன்னது ஆர்?"

சோலைமலை தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்துச் சொல்லு சோலைமலை" என்றான் கந்தப்பன், குரலைத் தாழ்த்தி. "ஆடிப் பூச வருது. பிரஜாவுரிமை மனு வேற போட்டிருக்க. நாளைக்கு நீ இந்தத் தோட்டத்துக்காரன்னு நான்தான் சொல்லணும்."

சோலைமலை நிமிர்ந்தான். பெண்சாதியின் கையைப் பார்த்தான். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம் வெளுத்து, சுற்றிலும் சிவந்திருந்தது.

"இவருதான்" என்றான்.

பிறகு, யாரும் கேட்காமலே, "தகரத்த நானும் சுமந்தேன் ஐயா. வேப்பிலையோட முன்னால போனது நான்தான். கார் கொட்டகைக்கு" என்றான். சொல்லும்போதே அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்க்கக்கூடாது என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெரிய கிளாக்கர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். லேபர் ஐயா எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே பதில் சொன்னார்.

"கோயிலுக்குக் குடுத்த நன்கொடையோ? குடுத்த நன்கொடை எங்க? வாற வழியில கண்டனான், அம்மன் சாக்குப் போர்த்துக்கொண்டு நிக்கிறா. கேளுங்கோ கிளாக்கர். நேரத்துக்கு மேல ஒருத்தியிட்ட வேலை வாங்கினா அதுக்குரிய சம்பளம் அவளின்ர கையில போகவேணும். அது தொரை குடுக்கிற சந்தோசம் இல்லை, சட்டம். பிறகு அவள் அதைக் கோயிலுக்குக் குடுப்பாளோ, குப்பையில போடுவாளோ, அது அவளின்ர விருப்பம். அவளுக்காக நீங்கள் நேர்ந்துகொள்ள ஏலாது."

தாளை மடித்தார். எழுந்தார். பெண்களிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"தோட்டத்துக்கு எழுதுவன். தராட்டி நுவரெலியாக் கோட்டில வழக்கு. ஆனால் கெதியில, இண்டைக்கு நாளைக்கு வராது. இப்பவே சொல்லிப்போட்டன்."

குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். தேத்தண்ணி அப்படியே கிடந்தது.

~

மலைக்குத் திரும்பும்போது சண்டை வந்தது. கந்தப்பனோடு அல்ல, தங்களுக்குள்ளேயே.

"காசு வந்தா கோயிலுக்குத்தான் போடணும்" என்றாள் நாகலெட்சுமி. "வாய் விட்டு நேர்ந்தாச்சு."

"ஏன் போடணும்? என் புள்ள பாலில்லாம சாயத்தண்ணி குடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு அந்த நேரத்துல. அதுக்கு யாரு குடுப்பா?" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப சாமிய ஏமாத்துவியா?"

"ஏமாத்துனது நானா?"

எல்லாரும் காளியாயியைப் பார்த்தார்கள். அவள் கையை மழையில் நீட்டிக்கொண்டு நடந்தாள். எரிச்சலுக்கு மழை இதமாக இருந்தது.

"மொதல்ல கைக்கு வரட்டும்" என்றாள். "வந்த பொறகு ஆத்தாளுக்கு எம்புட்டு, என் அடுப்புக்கு எம்புட்டுன்னு நான் சொல்றேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு. நடுவுல கந்தப்பன் என்னாத்துக்கு?"



விசாரணைக்குப் போன நேரத்துக்குக் கந்தப்பன் எல்லாருக்கும் அரைப்பேர் போட்டான். அரை நாள் சம்பளம் போயிற்று. சட்டம் கேட்கப் போனதற்கு அபராதம்.

நாலரைக்குச் சங்கு ஊதியது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். தராசு தொங்கியது. கந்தப்பன் வந்தான், பார்த்தான், திரும்பி வாசற்படியில் போய் உட்கார்ந்தான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டான். நிறுக்கவில்லை.

மழை வலுத்தது. மலைக்கு மேலே இருட்டு இறங்கத் தொடங்கியது. நனைந்த கூடை காய்ந்த கூடையைவிட இரண்டு மடங்கு கனம். காளியாயியின் பிடரி நரம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கூடையை இறக்க முடியாது. இறக்கினால் சேறு, சேறு பட்டால் கழிவு என்று நிறுவையில் வெட்டுவான்.

அப்போது மீனம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"கணக்கப்புள்ள ஐயா, ஒரு சந்தேகம்."

"என்னா?"

"சங்கு ஊதியாச்சு. நாங்க இப்ப நிக்கிறது கூலிக்கா, சாமிக்கா? இன்னும் முடிவு சொல்லலையே."

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் நாகலெட்சுமி. அப்புறம் மடுவமே சிரித்தது. மாதக்கணக்காக உள்ளே கிடந்த சிரிப்பு, இருமலோடும் எச்சிலோடும் வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

"சாமிக்குன்னா அப்பாவக் கூட்டியாறேன். சூடம் இருக்கு" என்றாள் மீனம்மா.

கந்தப்பன் எழுந்தான். வெற்றிலையைத் துப்பினான். வெளிச்சம் இருக்கும்போதே நிறுவை தொடங்கியது. அன்றைக்கு லாம்புக்கு வேலையில்லை.

காளியாயியின் கூடை தராசில் ஏறியபோது, முள்ளைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ஓம் புருசன கோயில் சாவியக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு. நாளையிலேருந்து ஸ்டோர்ல அவனுக்குப் பேர் இல்ல. ரெண்டுக்கும் வேற ஆள் போட்டாச்சு."

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். கை எரிந்தது.

லயத்துக்குப் போனபோது சோலைமலை இஸ்தோப்பில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தானோ. கையை நீட்டு என்று கேட்கவில்லை. அவளே போய் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். விரல் நுனியால் எண்ணெய் தொட்டுத் தடவினான்.

காலையில் சொன்னதற்கு அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

"இனி தகரம் வராது" என்றான்.

"வராது. உனக்கு ஸ்டோர்லயும் பேர் இல்லையாம். சாவி கேக்குறான்."

அவன் கை நின்றது. வாசலில் மீனம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கோயில் சாவி அவன் தோளுக்குப் பின்னால் சுவரில், ஆணியில் தொங்கியது. சோலைமலை எழுந்தான். சாவியை எடுத்தான். அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான் என்றுதான் தாயும் மகளும் நினைத்தார்கள்.

அவன் அரைஞாண் கயிற்றை இழுத்து, சாவியை அதில் கோர்த்து முடிந்தான். இரண்டு தரம் இழுத்து இறுக்கினான்.

"வேணும்னா அவனே வந்து அவுக்கட்டும்" என்றான்.

கீழே லயப் பாதையில் குடைகள் ஏறி வருவது தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று நாலு; சாவி கேட்டுத்தான் வருகிறார்கள்.

காளியாயி எழுந்து வாசலுக்கு வந்தாள். யார் வந்தால் என்ன? இரண்டு சித்திரை, இரண்டு வைகாசி, நாலரைச் சங்குக்கும் அரிக்கன் லாம்புக்கும் நடுவில் மூன்றாம் நம்பர் மலைப் பெண்கள் பறித்த கொழுந்துக்குக் கூலி. அதைக் கல்லுப்பாலத் தோட்டம் இன்னும் தரவில்லை.